கதவின் உள்பக்கம் மழை

"துக்க வீட்டுக்குப் போனாகூட ஒரு டீ குடுப்பாங்க மேடம். இவங்க நாயைக் குடுக்கறாங்க," என்றான் சேட்டு, எம்.எய்ட்டி வண்டியின் மேல் இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டு.

அலைமணி உப்பு ஃபேக்டரியின் கேட்டைப் பாதி திறந்துவிட்டு, நாயை முழுசாக அவிழ்த்துவிட்டு, வாட்ச்மேன் குடைக்கடியில் நின்று வேடிக்கை பார்த்தான்.

பின்சீட்டிலிருந்து தெய்வநாயகி இறங்கினாள். நாயைப் பார்க்கவே இல்லை. வாட்ச்மேனைப் பார்த்தாள்.

"அதைக் கட்டு. கடிச்சா கம்ப்ளெயின்ட்ல உங்க மேனேஜர் பேரைத்தான் எழுதுவேன். நாய் பேரை இல்ல."

நாய் கட்டப்பட்டது.

பாண்டிச்சேரியில் மாடி அறை ஒன்றில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள் தெய்வநாயகி. அதற்கு முன்னால் ரொம்ப வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த மில்களையும் கருகிய குடோன்களையும் சுற்றிவந்தவள். எரிந்த இடத்தில் நின்று மூக்கை உறிஞ்சினால் பாதிக் கதை தெரிந்துவிடும் என்பார்கள். சேட்டு அவளுடைய உதவியாளன். வாய் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டே, அது அவனுக்காகவே சொன்னது. இன்றைக்கு நாய் நேரிலேயே வந்துவிட்டது.

கதை இவ்வளவுதான். போன வாரம் இந்த ஃபேக்டரியின் பேனல் ரூமில் மின்சாரப் பெட்டி வெடித்தது. உள்ளே இருந்த எலக்ட்ரீஷியன் மரியதாஸ் வெந்துபோனான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து, பேச்சு வராமலே செத்தான். அதற்குப் பிறகுதான் போலீஸ் ஃபேக்டரிக்குள் கால் வைத்தது. மேனேஜர் காசிலிங்கம் ஒரு வாக்குமூலம் கொடுத்தார்: "சத்தம் கேட்டு ஓடினேன். கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. நான்தான் தாழை நீக்கி இழுத்தேன். மரியதாஸ் என் மேலேயே சாய்ந்தான்."

வெளியே தாழ் போட்டது யார்? குடோன் சூப்பர்வைசர் ஷஃபி. அவனுக்கும் மரியதாஸுக்கும் அதற்கு முந்தின நாள்தான் சண்டை. "உன்னை அந்த ரூம்லயே வச்சுப் பூட்டறேன் பாரு" என்று ஷஃபி கத்தியதை ஆபீஸ் மொத்தமும் கேட்டிருக்கிறது. நேற்று சாயங்காலம் அவனைத் தூக்கிப்போனார்கள். ஸ்டேஷனில் அவன் வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் திண்டிவனம் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். கொலைக் கேஸில் உள்ளே போனால் எப்போது வெளியே வருவான் என்பது ஆண்டவனுக்கே தெரியாது.

"அவர் கோவக்காரரு. ஆனா பூட்டியிருந்தா பூட்டினேன்னு சொல்லிடுவாரு மேடம்," என்று ஷஃபியின் மனைவி ஷமா காலையில் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அந்த ஒரு வரியை நம்பித்தான் இந்த மழையில் எம்.எய்ட்டி புறப்பட்டது.

கோர்ட்டுக்குப் போகிற வழியில் போலீஸ் அவனை இங்கே கூட்டிவந்து, எப்படிப் பூட்டினான் என்று நடித்துக் காட்டச் சொல்லப் போகிறது. அதற்குள் பார்த்தாக வேண்டும்.

மேனேஜர் காசிலிங்கம் ஆபீஸ் படியிலேயே வழியை மறித்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கண்ணில் நெருப்பு.

"யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?"

"நாயைக் கேட்டோம் சார். அதுதான் முதல்ல பேசுச்சு," என்றான் சேட்டு.

"டேய், யாருடா நீ?"

"அவன் என் ஆளு," என்றாள் தெய்வநாயகி. "ஷஃபி வீட்டுக்காரம்மா சார்பா வந்திருக்கேன். பேனல் ரூமைப் பார்க்கணும்."

துரத்தப் போகிறார் என்று சேட்டு எதிர்பார்த்தான். காசிலிங்கம் சிரித்தார். நாய் கடித்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"பாருங்க. தாராளமா பாருங்க. பார்த்துட்டுப் போய் அந்தம்மாகிட்ட சொல்லுங்க, கொலைகாரனுக்கு வக்கீல் வைக்கலாம், துப்பறியறவங்களை வச்சு புண்ணியமில்லன்னு."

மூன்று பேரும் நடந்தார்கள். ஐப்பசி மழையில் உப்புப் பாத்திகள் எல்லாம் ஒரே ஏரியாகக் கிடந்தன. கரை நெடுக உப்புக் குவியல்கள் பனையோலை போர்த்திக்கொண்டு குந்தியிருந்தன. பாத்தி வேலைக்கு ஆள் வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். வெடித்த நாளிலிருந்து ஃபேக்டரியும் மூடிக் கிடப்பதால் உள்ளேயும் ஆள் நடமாட்டமில்லை.

"மரியதாஸை வெளியே எடுத்தப்ப உங்ககூட யார் இருந்தாங்க?"

"மூட்டை தூக்கறவங்க மூணு பேர். வெளியூர்க்காரங்க. அன்னிக்கே ஊருக்குப் போயிட்டாங்க."

"போயிட்டாங்களா, அனுப்பிட்டீங்களா?"

"ஏம்மா, ரூமைப் பார்க்க வந்தியா, என் வாயைப் பிடுங்க வந்தியா?"

பேனல் ரூம் ஒரு மேடைமேல் தனியாக நின்றது. கடலைப் பார்த்த சுவரில், ஒரு கதவின் அளவுக்குச் செங்கல் வேறு நிறமாக இருந்தது. தெய்வநாயகி அதைத் தட்டினாள்.

"இங்க ஒரு வாசல் இருந்துதே?"

"சுனாமித் தண்ணி அது வழியாத்தான் உள்ள பூந்துச்சு. மொதலாளி அடைக்கச் சொல்லிட்டாரு."

"கடலுக்கு வழி தெரியக் கூடாதுன்னு மனுஷன் போற வழியையும் சேர்த்து அடைச்சுட்டாங்க மேடம்," என்றான் சேட்டு.

"மனுஷன் போகத்தான் இந்த வாசல் இருக்குதே," என்று காசிலிங்கம் முன்பக்கம் கூட்டிப்போனார்.

ஒற்றை இரும்புக் கதவு. வெளிப்பக்கமாகத் திறந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தது. திறந்த கதவில் தெரிந்தது ஒரே துரு. கடலோரத்தில் துருப்பிடிக்காத இரும்பைக் கண்டவர் யார்? காசிலிங்கம் அதை இழுத்துச் சாத்தினார். இப்போது தெரிந்த பக்கம் பளபளவென்று பச்சை பெயின்ட். நடுவில் மண்டையோடும் குறுக்கெலும்பும் போட்ட அபாய போர்டு. இடது ஓரத்தில் கைத் தடிமனில் ஒரு தாழ்ப்பாள்.

"இதுதான் அந்தத் தாழ்ப்பாளா?"

"இதேதான். நான்தான் நீக்கினேன், இந்தக் கையால."

"சரி. திறங்க. சேட்டு, நீயும் நானும் உள்ளே போறோம். கதவைச் சாத்திப் பார்க்கணும்."

"மேடம், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை."

"அதனாலதான் தைரியமா கூட்டிட்டுப் போறேன்."

உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. அடுத்த நொடி வெளியே இரும்பு உரசும் சத்தம். தாழ் விழுந்துவிட்டது.

"ஷஃபி எப்படிப் பூட்டினான்னு தெரியணுமில்ல? இப்படித்தான்," என்றது காசிலிங்கத்தின் குரல். "போலீஸ் வர்ற வரைக்கும் நல்லா ஆராய்ச்சி பண்ணுங்க." செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று.

சேட்டு கதவைத் தட்டினான், உதைத்தான். ஒன்றும் ஆகவில்லை. மேலே ஒரே ஒரு பல்பு. ஒரு பேனல் கருகி, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பக்கத்திலிருந்தது உயிரோடு உறுமிக்கொண்டிருந்தது. வெளியே உடம்பு நடுங்குகிற ஈரம். உள்ளே கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி வெக்கை.

"மேடம், அந்தப் பெட்டி என்னைப் பார்த்து உறுமுது."

"உறுமட்டும். சுவரைப் பார்."

பேனலுக்கு எதிர்ச்சுவரில் தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதற்கு மேலே சுவர் சுத்தம். கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. அந்தக் கோடு சுவர் நெடுக ஓடி, கதவுக்குப் பக்கத்து மூலை வரைக்கும் போயிருந்தது.

"மூட்டை அடுக்கின தடம்," என்றாள் தெய்வநாயகி. "மழைக்காலத்துல உப்பு மூட்டை வேர்க்கும். குடோன்ல வச்சா சாக்கே ஊறிப்போகும். ஃபேக்டரியிலேயே வெக்கையா, காய்ஞ்சு கிடக்கிற இடம் எது?"

"பேனல் ரூம்."

"அதான். பேனலுக்கு முன்னாடி ஒரு மீட்டர் காலியா இருக்கணும்னு சட்டம் இருக்குது. பதறினவன் பின்னாடி ரெண்டு எட்டு வைக்கிறதுக்கு. இப்ப மூட்டை இருக்கறதா நெனைச்சுக்கோ. நடுவுல நில்லு."

தரையிலும் மூட்டை வரிசையின் வெளுத்த தடம் இருந்தது. சேட்டு அதைத் தாண்டாமல் நின்று பார்த்தான். முதுகுக்குப் பின்னால் இல்லாத மூட்டை, மூக்குக்கு முன்னால் இருக்கிற பேனல்.

"தும்மினா செத்தேன் மேடம்."

"மரியதாஸ் இங்கதான் நின்னு வேலை பார்த்தான்."

அவன் வாய் கொஞ்சம் அடங்கியது. நகர்ந்து வந்து கதவுப் பக்கம் திரும்பினான். உள்ளே நின்று கதவைச் சாத்தினால் மட்டுமே அந்தத் துருப்பிடித்த பக்கம்தான் உள்பக்கம் என்று தெரியும். போலீஸ் வந்தபோதெல்லாம் கதவு சுவரோடு ஒட்டித் திறந்துதான் கிடந்திருக்கும், துருவும் சேறும் வெளிப்பக்கம் என்றே தோன்றியிருக்கும். பல்பு வெளிச்சத்தில் சேட்டு அதை மேலிருந்து கீழாகப் பார்த்தான். கீழே முழங்கால் உயரத்துக்குச் சேறு தெறித்து, அடுக்கடுக்காகக் காய்ந்து இறுகியிருந்தது. ஓட்டுத் தண்ணீர் மண்ணில் விழுந்து அடிக்குமே, அந்தத் தெறிப்பு. அதற்கு மேலே துரு.

"மேடம், இந்த ஊர்ல எல்லாமே தலைகீழ். ரூமுக்குள்ள மழை பெஞ்சிருக்குது."

தெய்வநாயகி திரும்பினாள். அவள் சிரித்து அவன் பார்த்து நாளாயிற்று. இப்போது சிரித்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"உள்ள மழை பெஞ்சிருக்குது. அப்புறம் இதோ, நடுவுல துருவே இல்லாம ஒரு சதுரம், நாலு மூலையில நாலு ஓட்டை. ஏதோ போர்டு இருந்து எடுத்திருக்காங்க. உள்ள இருக்கறவனுக்கு எதுக்கு மேடம் மண்டையோடு? அவன்தான் ஏற்கெனவே உள்ள வந்துட்டானே."

"போதும். உன் சம்பளத்துக்கு இன்னிக்கு அர்த்தம் வந்துடுச்சு."

வெளியே ஜீப் சத்தம்.

தாழ் நீங்கியது. மழைக்கோட்டோடு இன்ஸ்பெக்டர் அசோகன் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் காசிலிங்கம். கீழே ஜீப்பின் பின்பக்கம் விலங்கோடு ஒருவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஷஃபி.

"ஏம்மா, கொலை நடந்த இடத்துல உங்களுக்கு என்ன வேலை? உள்ளே தூக்கிப் போட்டுடுவேன்."

"இப்பத்தான் சார் உள்ளே இருந்து வர்றோம். மேனேஜர் சார் முந்திக்கிட்டாரு," என்றான் சேட்டு.

"சும்மா டெமோ காட்டினேன் சார்," என்றார் காசிலிங்கம்.

"நல்லாவே காட்டினாரு," என்றாள் தெய்வநாயகி. "சார், நீங்க எப்படியும் ஷஃபியைப் பூட்டிக் காட்டச் சொல்லப் போறீங்க. பூட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து காட்டச் சொல்லுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

"இல்ல சார். உங்க கேஸ் நிக்குதா விழுதான்னு கோர்ட்டுக்குப் போய்த் தெரிஞ்சுக்கறதைவிட இங்கயே தெரிஞ்சுக்கலாமேன்னுதான்."

அசோகன் அவளை முறைத்தார். முறைத்தபடியே கான்ஸ்டபிளுக்குக் கையைக் காட்டினார். கதவைச் சாத்தினார்கள். தாழ் போடவில்லை. ஷஃபியை இறக்கி, ஒரு கையை மட்டும் அவிழ்த்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் தாடி, சிவந்த கண்.

"கதவைத் திற," என்றார் அசோகன்.

ஷஃபி தலையைத் தூக்காமலே நடந்தான். தினமும் பத்துத் தடவை போய்வந்த வாசல் அது. கால் தானாகப் போயிற்று. கதவின் வலது ஓரத்தில் தோளை வைத்துத் தள்ளினான். கதவு அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினான். அங்கே இருந்தது கீல். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கீலைப் பார்த்தான், பச்சை பெயின்ட்டைப் பார்த்தான், இடது ஓரத்துத் தாழ்ப்பாளைப் பார்த்தான். முன்பின் தெரியாத ஆள் தன் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போலப் பார்த்தான்.

"இது எப்ப இங்க வந்துச்சு?" என்றான். பிடித்துப்போனதிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு.

"நடிக்கிறான் சார்," என்றார் காசிலிங்கம்.

"நாடகம்னா இருக்கட்டும்," என்றாள் தெய்வநாயகி. "கதவு நடிக்காது. சார், நீங்களே உள்ளே போய்ச் சாத்திக்கிட்டுப் பாருங்க. மழை எந்தப் பக்கம் அடிக்கும்? வெளிப்பக்கம். இந்தக் கதவுல வருஷக்கணக்கான சேறும் துருவும் உள்பக்கம் இருக்குது. அபாய போர்டு எந்தப் பக்கம் இருக்கும்? அது இருந்த தடமும் உள்பக்கம். அப்படின்னா இப்ப உள்ளே இருக்கிற பக்கம் போன வாரம் வரைக்கும் வெளியே இருந்துச்சு. கதவைக் கழட்டித் திருப்பிப் போட்டிருக்காங்க. அதனாலதான் இடது பக்கக் கீல் வலது பக்கம் வந்துச்சு. உள்ளே தள்ளித் திறந்த கதவு இப்ப வெளியே இழுத்துத் திறக்குது. நிலையில இடது பக்கம் புதுப் பெயின்ட்டைச் சுரண்டினா பழைய கீல் வெட்டின தழும்பு இருக்கும்."

"அதனால என்ன?"

"அதனால, இன்னிக்கு வெளியே இருக்கிற தாழ்ப்பாள் அன்னிக்கு எங்க சார் இருந்துச்சு?"

அசோகன் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார்.

"உள்ளே," என்றான் சேட்டு, யாரும் கேட்காமலே. "வெளியே இல்லாத தாழ்ப்பாளை ஷஃபி போட்டாராம். மேனேஜர் இந்தக் கையால நீக்கினாராம். கையைக் கோயில்ல வச்சுக் கும்பிடணும் சார்."

அசோகன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது விரலில் காய்ந்த சேறு. அவர் பார்வை இப்போது தெய்வநாயகி மேல் இல்லை. காசிலிங்கத்தின் மேல் இருந்தது. ஆனால் கோபம் குறையவில்லை. ஆள் மாறியிருந்தது.

"எதுக்குய்யா திருப்பினே?"

காசிலிங்கம் வாயைத் திறப்பதற்குள் தெய்வநாயகி சொன்னாள். "விபத்துன்னா ஃபேக்டரியைச் சோதனை போட ஆள் வரும் சார். வந்ததும் முதல் கேள்வி, கதவு எந்தப் பக்கம் திறக்குது? பேனல் ரூம் கதவு வெளியேதான் திறக்கணும். கை வெந்தவனால தாழையோ கைப்பிடியையோ பிடிச்சு இழுக்க முடியாது. தோளால மோதத்தான் முடியும். மரியதாஸ் மோதியிருக்கான். உள்ளே இழுக்க வேண்டிய கதவுல மோதியிருக்கான். அதுக்குப் பின்னாடி மூட்டையும் சரிஞ்சு விழுந்திருக்குது. வெளியே இருந்தவங்களாலயும் தள்ள முடியலை. இன்னொரு வாசல் செங்கல். இதையெல்லாம் மறைக்கத்தான் கதவைத் திருப்பினாங்க. திருப்பினப்ப தாழ்ப்பாள் தானா வெளியே வந்து நின்னுச்சு. அதைப் பார்த்ததும் இவருக்கு இன்னும் பெரிய புத்தி வந்துச்சு. விபத்துன்னா கம்பெனி பதில் சொல்லணும். கொலைன்னா ஷஃபி பதில் சொல்வான்."

காசிலிங்கத்தின் விபூதி மழையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியது. ஆனால் மனிதர் விழவில்லை. திரும்பி ஷஃபியை நோக்கி விரலை நீட்டினார்.

"மூட்டை மூட்டைங்கிறியே, அதை அங்க அடுக்கினது யாருன்னு கேளு. உன் கட்சிக்காரன்தான். கேளும்மா."

சேட்டு சட்டென்று திரும்பினான். தெய்வநாயகியைப் பார்த்தான். அவள் முகத்தில் ஆச்சரியமில்லை. சண்டை எதற்கு என்று அவள் முன்னமே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"ஆமாம்," என்றான் ஷஃபி. "மரியதாஸ் அண்ணன் மூட்டையெல்லாம் எடுத்து வெளியே மழையில வீசிட்டாரு. நிக்க இடமில்ல, எனக்கு இடம் வேணும்னு கத்தினாரு. கதவை வெளியே திறக்கிற மாதிரி மாத்துன்னு இவர்கிட்ட எத்தனையோ தடவை கேட்டாரு. நனைஞ்ச மூட்டைக்கு நான்தான் பதில் சொல்லணும். அந்தக் கோவத்துல பூட்டறேன்னு சொன்னேன். பூட்டலை. ராத்திரி அவர் வீட்டுக்குப் போனப்புறம், இவர் சொன்னாருன்னு, எல்லா மூட்டையையும் திரும்பக் கொண்டுபோய் அடுக்கினேன். கதவு வரைக்கும்."

"இதை ஏன்யா ஸ்டேஷன்ல சொல்லலை?" என்றார் அசோகன்.

"பூட்டினியான்னுதான் கேட்டீங்க. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரலை சார்."

அசோகன் தொப்பியைக் கழற்றி உதறிவிட்டுப் போட்டுக்கொண்டார். "கொலைக் கேஸ் இல்ல. விலங்கை எடு. நீ வீட்டுக்குப் போ. கூப்பிட்டா வா." பிறகு காசிலிங்கத்தைப் பார்த்தார். "நீ ஏறு."

விலங்கு கழன்றது. ஷமா வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள் என்று சேட்டுக்குத் தோன்றியது. ஷஃபி படியிறங்கிப் போனான். கேட்டுப் பக்கம் போகவில்லை. ஜீப்புக்குப் போய், பழைய இடத்திலேயே ஏறி உட்கார்ந்தான்.

"மூட்டை வச்சது நான்தான்னு எழுதிக்குங்க சார். வைக்கச் சொன்னது யாருன்னும் எழுதிக்குங்க. அப்புறம் போறேன்."

ஜீப்பின் பின்படியில் ஒரு காலை வைத்த காசிலிங்கம் பல்லைக் கடித்தார். "முட்டாப்பயலே. அதை எழுதிக் குடுத்தா என்கூட உன்னையும்தான்டா உள்ள வைப்பாங்க."

"வைக்கட்டும் சார்," என்றான் ஷஃபி. பெஞ்சில் கம்பியோரமாக நகர்ந்து, தன் பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டான். "வாங்க. நிறைய இடம் இருக்குது."